ஷாஃப்ட்டுக்கு ஏன் 40 எம்.எம்.?

கேள்வி: ஐயா, நான் ஐ.டி.ஐ. டர்னர் முடித்து, பிறகு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்ந்து டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். திருப்பூர் பக்கம் டிரையருக்கு ஹாட் ஏர் பிளோயர் செய்யும் சின்ன யூனிட்டில் வேலை பார்க்கிறேன். சாலிட்வொர்க்ஸ் என்ற டிராயிங் மென்பொருள் தெரியும் என்பதால் முதலாளி என்னை லேத்திலிருந்து டிசைனுக்கு மாற்றினார். பழைய மாடலைப் பார்த்து ஒரு பிளோயர் வரைந்து கொடுத்தேன். 7.5 எச்.பி., 1440 ஆர்.பி.எம்., பெல்ட் டிரைவ். மூன்று மெஷின் போயிருக்கிறது. மூன்றிலும் ஒரு மாதத்துக்குள் பேரிங் போய்விடுகிறது. வேறு கம்பெனி பேரிங் போட்டோம், கிரீஸ் மாற்றினோம், பயனில்லை. எனக்கு டிசைன் தெரியவில்லை என்று பயமாக இருக்கிறது. கடன் வாங்கியாவது அனாலிசிஸ் சாஃப்ட்வேர் கோர்ஸ் சேரலாமா? பி.இ. இல்லாமல் டிசைனர் ஆக முடியுமா? டிராயிங் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, கோர்ஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது சேர வேண்டாம், அதற்காகக் கடனும் வாங்க வேண்டாம். அந்த மென்பொருள் மோசம் என்பதால் சொல்லவில்லை. உங்கள் ஷாஃப்ட்டை, அதாவது சுழலும் தண்டை, அதில் ஏற்றி, நீங்கள் டிராயிங்கில் நினைத்திருக்கும் விசைகளை மட்டும் கொடுத்தால், எல்லா இடத்திலும் பச்சை நிறம் காட்டி 'பாதுகாப்பு' என்றுதான் சொல்லும். பேரிங் அப்போதும் ஒரு மாதத்தில்தான் போகும். கொடுத்த விசையை அது கணக்கிடும். கொடுக்க மறந்த விசையை அது உங்களிடம் கேட்காது. எந்த விசையைக் கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் சுழலும் எந்திரங்களின் டிசைன். அதை உங்கள் பிளோயரை வைத்தே கற்றுக்கொள்ளலாம்.

டிராயிங் பார்த்தேன். லேத்தில் நின்றவர் வரைந்தது என்பது தெரிகிறது. கீவே வெட்ட கட்டர் போக இடம் விட்டிருக்கிறீர்கள், கிரைண்டிங் செய்யும் இடத்தில் அண்டர்கட் கொடுத்திருக்கிறீர்கள். கல்லூரியிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு இது வர வருடக்கணக்காகும். ஆனால் ஷாஃப்ட் 40 எம்.எம். என்று போட்டிருப்பதற்குப் பக்கத்தில், 'பழைய மாடல்படி' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து தொடங்குவோம்.

5.5 கிலோவாட், 1440 சுற்று. கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கி ஆர்.பி.எம்.மால் வகுத்தால் டார்க் வரும்: சுமார் 36.5 நியூட்டன் மீட்டர். இந்த முறுக்கை மட்டும் தாங்க, இ.என். 8 எஃகுக் கம்பியில் 40 மெகாபாஸ்கல் வெட்டுத் தகைவு அனுமதித்தால், 17 எம்.எம். ஷாஃப்ட் போதும். அப்படியானால் பழைய மாடலை வரைந்தவர் ஏன் 40 போட்டார்? இரும்பை வீணாக்கினாரா?

உங்கள் இம்பெல்லர், அதாவது காற்றைத் தள்ளும் விசிறிச் சக்கரம், 25 கிலோ. பேரிங்கிலிருந்து 250 எம்.எம். வெளியே தொங்குகிறது. அந்த எடையே ஷாஃப்ட்டை 61 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வளைக்கிறது. முறுக்கைவிட இது பெரியது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 30 எம்.எம். ஷாஃப்ட் வலிமையில் தாராளமாகப் பாஸ் ஆகிவிடும், தகைவு 14 மெகாபாஸ்கலைத் தொடாது. ஆனாலும் 30 போடக் கூடாது. பேரிங்குகளுக்கு இடையே 400, வெளியே 250 என்ற உங்கள் அளவில், 30 எம்.எம். ஷாஃப்ட்டின் நுனி இம்பெல்லர் எடையால் சுமார் 0.4 எம்.எம். தாழும். அந்தத் தாழ்வின் வர்க்கமூலத்தால் 946-ஐ வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 1490 ஆர்.பி.எம். வரும். அதுதான் அந்த ஷாஃப்ட்டின் கிரிட்டிகல் ஸ்பீடு, ஷாஃப்ட் பெரிதாக அதிர்ந்து வளையும் வேகம். உங்கள் பிளோயர் ஓடுவது 1440-இல்! கிரிட்டிகல் ஸ்பீடை ஒட்டி ஓட்டினால் எடை ஒரு பக்கம் கூடியிருக்கும் சிறு அன்பேலன்ஸ்கூடப் பல மடங்கு பெரிதாகி, ஸ்டாண்டையே பெயர்க்கும்.

40 எம்.எம். போட்டால் தாழ்வு 0.13-க்கு இறங்கி, கிரிட்டிகல் ஸ்பீடு 2600-க்கு மேலே போய்விடுகிறது. இது தோராயக் கணக்குதான். பேரிங், அதைப் பிடித்திருக்கும் ஹவுசிங், அடியில் தாங்கும் சேனல் ஸ்டாண்ட் எல்லாமே கொஞ்சம் நெளியும் என்பதால் நிஜத்தில் இன்னும் குறையும். அதனால்தான் ஓடும் வேகத்திலிருந்து குறைந்தது 25, 30 சதவீதமாவது தள்ளி வைப்பார்கள். ஆக அந்த 40 வலிமைக்காக வந்ததில்லை, விறைப்புக்காக வந்தது. இது தெரியாமல் காப்பி அடித்தால் என்ன ஆகும்? நாளைக்கு ஒரு கஸ்டமர் 'இம்பெல்லரை இன்னும் 100 எம்.எம். வெளியே தள்ளுங்கள்' என்று கேட்பார், ஷாஃப்ட் சைஸ் அதேதானே என்று நீங்களும் தள்ளிவிடுவீர்கள்.

1869-இல் ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் சுழலும் ஷாஃப்ட்டைப் பற்றி எழுதியபோது, இந்த வேகத்தைத் தாண்டி ஓடவே முடியாது என்று முடிவு கட்டினார். ஸ்வீடனில் டி லாவல் தன் நீராவி டர்பைனுக்கு வேண்டுமென்றே மெல்லிய ஷாஃப்ட் போட்டு அந்த வேகத்தைத் தாண்டி ஓட்டிக் காட்டினார். அது ஏன் சாத்தியம் என்ற கணக்கு 1919-இல் ஜெஃப்காட் எழுதிய பிறகே பரவலாகத் தெளிவானது. இன்றைய பெரிய டர்பைன்கள் பல அப்படித் தாண்டித்தான் ஓடுகின்றன. உங்கள் பிளோயருக்கு அது வேண்டாம். கீழேயே ஓடட்டும்.

இனி பேரிங். 6308 என்ற பால் பேரிங் போட்டிருக்கிறீர்கள். கேட்டலாக்கில் அதன் டைனமிக் லோடு ரேட்டிங், அதாவது பத்து லட்சம் சுற்றுக்குத் தாங்கும் சுமை, சுமார் 42 கிலோநியூட்டன். உங்கள் மெஷினில் ஒரு பேரிங்குக்கு என்ன சுமை வருகிறது? இம்பெல்லர் எடையும், 200 எம்.எம். புல்லியில் பெல்ட் இழுப்பும் சேர்ந்து, எப்படிக் கூட்டினாலும் 1 கிலோநியூட்டனைச் சுற்றித்தான் வரும். நூறு கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 42-ஐ 1-ஆல் வகுத்து, மும்மடிக்கு உயர்த்தினால் ஆயுள், மில்லியன் சுற்றுகளில் கிடைக்கும். மணி நேரமாக மாற்றினால் சுமார் எட்டரை லட்சம். கிட்டத்தட்ட நூறு வருடம்! தூசியும் கிரீஸும் அவ்வளவு காலம் விடாது, அது வேறு. ஆனால் ஒரு மாதம் என்பது இந்தச் சுமையால் வந்த சாவு இல்லை என்பது மட்டும் உறுதி.

இப்போது கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். ஒரு மாதத்தில், அதாவது சுமார் 700 மணி நேரத்தில், இந்தப் பேரிங் களைத்துப் போக வேண்டுமானால் எவ்வளவு சுமை வேண்டும்? 10 கிலோநியூட்டனுக்கு மேல். ஏறத்தாழ ஒரு டன். உங்கள் டிராயிங்கில் எங்கேயும் இல்லாத ஒரு டன் அந்த மெஷினுக்குள் எப்படி வந்தது?

இரண்டு ஹவுசிங்கின் செக்‌ஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வெளி வளையத்தை எண்ட் கவர் இறுக்கிப் பிடித்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அழகாக இருக்கும் என்று வரைந்திருப்பீர்கள், ஒரே கவரை இரண்டு பக்கமும் போடலாம் என்ற வசதியும் உண்டு. ஆனால் உள்ளே ஓடுவது சூடான காற்று. ஷாஃப்ட் சூடாகிறது, கீழே ஹவுசிங்கைத் தாங்கும் சேனல் வெளிக்காற்றில் குளிர்ச்சியாகவே இருக்கிறது. இரண்டுக்கும் 60 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 400 எம்.எம். நீள எஃகு சுமார் 0.29 எம்.எம். நீளும். நீள இடம் இல்லை, இரண்டு பக்கமும் கவர் தடுக்கிறது. பேரிங்குக்குள் இருக்கும் இடைவெளி முதலில் தீரும், பிறகு பந்துகள் ஓடுபாதையின் விளிம்பில் ஏறி நசுங்கும். நீள முடியாத எஃகு எவ்வளவு விசையோடு தள்ளும் என்பதற்கு ஒரு டன் ஒரு பொருட்டே இல்லை.

இதை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். போன பேரிங்குகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், வெளி வளையத்தை வெட்டி உள்ளே பாருங்கள். வெட்டும் முன், எந்தப் பேரிங் எந்தப் பக்கம், எந்த முகம் வெளியே பார்த்தது என்று மார்க்கர் போட்டுக்கொள்வது முக்கியம். பந்து ஓடிய தடம் பளபளவென்று ஒரு பட்டையாகத் தெரியும். எடையும் பெல்ட் இழுப்பும் மட்டும் இருந்தால், தடம் பாதையின் நடுவில், சுற்றின் ஒரு பகுதியில் மட்டும் அழுத்தமாக இருக்கும். அன்பேலன்ஸ் பெரிதாக இருந்தால் நடுவிலேயே முழுச் சுற்றும் ஓடும். ஷாஃப்ட் நீண்டு தள்ளியிருந்தால் தடம் நடுவை விட்டு விலகி, இரண்டு பேரிங்கிலும் மெஷினின் வெளிப்பக்கத்தை நோக்கி ஒதுங்கியிருக்கும். தடம் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் வளையம் நீலம் பூத்து, கிரீஸ் கருகிக் கரியாகிக் கிடக்கிறது என்றால், என் சந்தேகம் தவறு. சூடு நேராகப் பேரிங்குக்கே வந்து கிரீஸைக் கொன்றிருக்கிறது. இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம். எதுவானாலும் அந்த வளையம் சொல்லிவிடும்.

சரி செய்வது பெரிய செலவில்லை. ஒரு பக்கப் பேரிங் பூட்டி இருக்கட்டும். மற்றப் பக்கத்தில் கவரில் உள்ளே நீண்டிருக்கும் ஸ்பிகாட் விளிம்பை லேத்தில் குறைத்து, வெளி வளையம் ஹவுசிங்குக்குள் வழுக்கிப் போக 1 எம்.எம். அளவுக்கு இடம் விடுங்கள். அந்த ஹவுசிங் போர் 90 எச்7, அதாவது பூஜ்யத்திலிருந்து பிளஸ் 35 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். அதைவிட இறுகினால் கவரைக் குறைத்தும் பயனில்லை. உள் வளையம் ஷாஃப்ட்டில் இறுக்கமாக, 40 கே6, பிளஸ் 2 முதல் பிளஸ் 18 மைக்ரான். ஏன் உள்ளே இறுக்கம், வெளியே வழுக்கல்? எடையும் பெல்ட்டும் எப்போதும் ஒரே திசையில் இழுக்கின்றன. உள் வளையம் அதற்கு அடியில் சுழல்கிறது. இறுக்கம் இல்லாவிட்டால் ஷாஃப்ட் மேல் மெல்ல நகர்ந்து நகர்ந்து தேய்த்துவிடும். வெளி வளையம் நின்ற இடத்தில் நிற்கிறது, அதை விடலாம். லேத்தில் நீங்கள் நூறு முறை திருகிய அந்த அளவுகளின் காரணம் இதுதான். சூடான பிளோயர் என்பதால் சி3, அதாவது உள்ளே வழக்கத்தைவிடச் சற்று அதிக இடைவெளி உள்ள பேரிங் வாங்குங்கள். கேசிங்குக்கும் முதல் ஹவுசிங்குக்கும் நடுவில் ஷாஃப்ட்டின் சூட்டைக் காற்றில் விடும் ஒரு கூலிங் டிஸ்க்கும் மாட்டுங்கள்.

எந்தப் பக்கத்தைப் பூட்டுவது என்று நான் சொல்லப் போவதில்லை, அதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். இரண்டு விஷயத்தை யோசியுங்கள். ஒன்று, எந்தப் பக்கம் சூடு அதிகம். மற்றொன்று, ஷாஃப்ட் நீளும்போது இம்பெல்லர் எந்தத் திசையில் நகர்கிறது, காற்று உள்ளே வரும் இன்லெட் கோனுக்கும் இம்பெல்லருக்கும் இருக்கும் இடைவெளி அப்போது என்ன ஆகிறது. காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.

மெஷினைக் கழற்றும்போதே இன்னும் இரண்டு இடத்தைப் பார்த்துவிடுங்கள். ஷாஃப்ட் படி இறங்கும் இடத்தில் மூலை கூராக இருக்கிறதா என்று விரல் நகத்தை வைத்துப் பாருங்கள். சுழலும் ஷாஃப்ட்டில் வளைவு ஒரு சுற்றுக்கு ஒரு முறை திசை மாறுகிறது. உங்கள் மெஷினில் மணிக்கு 86,400 முறை. ஒரு கோடி முறை ஆக ஐந்து நாள்கூட வேண்டாம். நின்ற இடத்தில் எவ்வளவோ தாங்கும் கம்பி, இப்படி மாறி மாறி வளைந்தால் கூர்மூலையில் மயிரிழை விரிசல் விட்டு, ஒரு நாள் சத்தமில்லாமல் முறியும். ஜெர்மனியில் வோலர் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகள் முறிந்ததை ஆராய்ந்து கண்டது இதைத்தான். ஆகவே மூலைக்கு ரேடியஸ் வேண்டும். ஆனால் பேரிங் உட்காரும் தோளில் அந்த ரேடியஸ் பேரிங்கின் மூலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், 6308-க்கு 1.5 எம்.எம்.மைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பேரிங் தோளில் உட்காராமல் ரேடியஸ் மேல் ஏறி நிற்கும். டிராயிங்கில் அந்த இடத்தில் நீங்கள் எதுவும் குறிக்கவில்லை. குறிக்காவிட்டால் அன்றைக்கு லேத்தில் நிற்பவரின் டூல் முனை என்னவோ அதுதான் வரும், உங்களுக்கே தெரியும்.

அடுத்து பேலன்சிங். 250 எம்.எம். ஆரத்தில் வெறும் 10 கிராம் கூடுதலாக இருந்தால், 1440 சுற்றில் சுமார் 57 நியூட்டன் விசை சுற்றிச் சுற்றி அடிக்கும். ஃபேன்களுக்கு வழக்கமாக எடுக்கும் ஜி 6.3 தரத்தில், உங்கள் இம்பெல்லருக்கு அந்த ஆரத்தில் 4 கிராம் வரைதான் அனுமதி. டிராயிங்கில் 'பேலன்ஸ் செய்யவும்' என்று மட்டும் போட்டால் போதாது, தரத்தையும் வேகத்தையும் எழுத வேண்டும். விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதையும் மறக்காதீர்கள். இப்போது கஸ்டமர்கள் மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. மாட்டிக்கொண்டு, காற்று போதவில்லை என்று 50 ஹெர்ட்ஸிலிருந்து 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடுகிறார்கள். வேகம் 20 சதவீதம்தான் கூடும், இம்பெல்லரில் தகைவு 44 சதவீதம் கூடிவிடும், மோட்டார் எடுக்கும் பவர் 73 சதவீதம் கூடிவிடும். பிளோயரின் அதிகபட்ச ஆர்.பி.எம். என்ன என்று நேம் பிளேட்டில் பொறித்துக் கொடுங்கள். இதில் ஆள் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. வெடித்த இம்பெல்லர் கேசிங்கோடு நிற்காது.

இனி, எப்படிக் கற்பது என்று சொல்கிறேன். யூனிட்டில் ரிப்பேருக்கு வந்த ஒரு பழைய மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப்போ கியர்பாக்ஸோ எதுவானாலும் சரி. கழற்றி, மைக்ரோமீட்டரில் அளந்து, கையால் ஒரு ஸ்கெட்ச் போடுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் எதிரில் அது ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். பிறகு அந்தக் கேள்விக்குறிகளை மட்டும் படியுங்கள். டிப்ளமோவில் மதிப்பெண்ணுக்காகத் தாண்டிப் போன அப்ளைடு மெக்கானிக்ஸும், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் அப்போது வேறு மாதிரித் தெரியும், ஏனென்றால் கையில் ஒரு ஷாஃப்ட் இருக்கிறது. பெரிய பேரிங் கம்பெனிகளின் கேட்டலாக்கின் முன்பகுதியை யாரும் படிப்பதில்லை. பேரிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பூட்டுவது, எப்படி விடுவது, ஃபிட் என்ன என்று ஒரு பாடப்புத்தகத்துக்குரிய விஷயம் அங்கே இலவசமாகக் கிடக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் மெஷின் டிசைன் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் முழுதாக இருக்கின்றன. ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் கணக்குப் போடும் பகுதியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், எண்ணுக்கு மொழி கிடையாது.

டெஸ்பாட்ச் முன்னால் ஒவ்வொரு பிளோயரையும் சூட்டோடு இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டி, இரண்டு ஹவுசிங்கின் வெப்பநிலையையும் நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். ஏறி, ஒரு இடத்தில் நின்றால் நல்லது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அனுப்பக் கூடாது. இந்த நோட்டு உங்களுக்கு எந்தக் கோர்ஸும் தராத ஒன்றைத் தரும்: நீங்கள் வரைந்தது எப்படி நடந்துகொள்கிறது என்ற பதிவு. இப்படிக் கையால் கணக்குப் போட்டு விடையை முன்கூட்டியே ஏறத்தாழச் சொல்ல வந்த பிறகு, அந்த அனாலிசிஸ் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். அப்போது அது காட்டும் படம் சரியா தவறா என்று உங்களுக்கே தெரியும்.

பி.இ. இல்லாமல் டிசைனர் ஆகலாம். கோவை பம்ப் தொழிலில் டிப்ளமோ முடித்து டிசைன் பொறுப்பில் இருப்பவர்களை நானே அறிவேன். ஆனால் பெரிய கம்பெனிக்குப் போக நினைத்தால் பட்டம் கேட்பார்கள், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். கணக்கும் வைப்ரேஷனும் ஆழமாகப் படிக்க அது உதவும் என்பதும் உண்மை. வேலையை விட வேண்டியதில்லை. கோவையில் வேலை பார்ப்பவர்களுக்கான பகுதிநேர பி.இ. நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன, மாலையில் வகுப்பு. உங்கள் வீட்டு நிலைமைக்குக் கடன் வாங்கிச் செலவு செய்வதென்றால் அதற்குச் செய்யுங்கள். விண்ணப்பத்துக்கு வேலை அனுபவச் சான்றிதழ் தேவைப்படும். அதில் 'டர்னர்' என்று மட்டும் போடாமல் டிசைன் வேலையையும் சேர்த்து எழுதித் தரும்படி முதலாளியிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.